தாய்மாமன் கலக்கிய தண்ணீர்

எங்கள் லயத்துப் பீலியில் தண்ணீர் சிவந்து விழுந்த காலத்தைப் பற்றி என் மகள் எப்போதாவது கேட்பாள். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது, ஞாபகம் இருக்க நியாயமில்லை. 'அது பெரிய கதை, விடு' என்று தப்பித்துக்கொள்வேன். சொல்ல ஆரம்பித்தால் அண்ணனைத் திட்ட வேண்டி வரும், திட்டி முடித்ததும் அழ வேண்டி வரும். இந்த வயதில் இரண்டுக்கும் உடம்பில் தெம்பில்லை. இருந்தாலும் ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிட்டால் நெஞ்சுக்குள் கிடந்து உறுத்தாது என்று எழுதுகிறேன்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கமாக ஏறும் ரோட்டில் எத்தனையோ தேயிலைத் தோட்டங்கள். அதில் ஒன்று எங்களுடையது, பேர் எதற்கு. உச்சியில் காடு. காட்டுக்குள்ளிருந்து ஓர் ஓடை இறங்கி வந்து சீமெந்துத் தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து குழாய், குழாய் முடிகிற இடத்தில் பீலி. குடிக்க, குளிக்க, சமைக்க, துணி அலச, லய வரிசை வீடுகளில் இருந்த சனம் அத்தனைக்கும் அந்த ஒரு பீலிதான். பிள்ளைக்காம்பராவுக்கும் அதே குழாயில்தான் தண்ணீர் போனது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது, ஓர் ஆயா பார்த்துக்கொள்வாள். துரை பங்களாவுக்கு மட்டும் வேறு மலையிலிருந்து வேறு ஊற்று. தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, துரைமார் மாறினார்கள், அந்த ஊற்றில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

அதற்கு முந்திய வருஷங்கள் பஞ்ச வருஷங்கள். அரிசி கண்ணில் படவில்லை, பாணுக்கு வரிசை, மாவுக்கு வரிசை. வீட்டில் கிடந்த குண்டுமணித் தங்கமும் பதுளைக் கடைத்தெருவுக்கு இறங்கிப் போய் மாவாகத் திரும்பி வந்தது. என் தோடு, என் அண்ணியின் மூக்குத்தி, அம்மா செத்தபோது கழற்றி வைத்த தோடு, எல்லாம் அப்படித்தான் வயிற்றுக்குள் போயின. மலையில் பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து பறிக்கும்போது பார்த்தால் எல்லார் காதிலும் ஈர்க்குச்சிதான் இருக்கும். துளை தூர்ந்து போகாமல் இருக்கச் செருகிக்கொள்வோம். நாங்களே ஒருத்தியை ஒருத்தி கேலி பண்ணிச் சிரித்துக்கொள்வோம், வேறென்ன செய்வது.

அந்த நேரத்தில்தான் அண்ணன் குடும்பத்துக்கு இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்தது. இலங்கையும் இந்தியாவும் தோட்டத்துச் சனத்தைப் பங்கு போட்ட ஒப்பந்தத்தில் என் வீட்டுக்காரர் இங்கேயே இருக்க எழுதிக்கொடுத்திருந்தார், அண்ணன் அங்கே போக எழுதிக்கொடுத்திருந்தார். ஒரே லயத்தில், நடுவில் ஒரே ஒரு சுவர் வைத்துக் குடியிருந்த நாங்கள் இரண்டு நாட்டுச் சனமாகிவிட்டோம். எனக்குக் கூடப்பிறந்தது அவர் ஒருத்தர்தான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னைக் கட்டிக்கொடுத்தவர் அவர். கோபமாக ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர். மலையில் கான் வெட்டுகிற வேலை. அவர் வெட்டிய கானில் மழைத் தண்ணீர் ஒரு பிடி மண்ணைக்கூட அரிக்காமல் இறங்கும் என்று கங்காணியே சொல்லுவார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

போவதற்கு முன்னால் அவருக்கு ஒரு கடமை இருந்தது. என் மகளுக்கு அவர் தாய்மாமன். மொட்டையடித்து, மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும். அந்தக் காதில் ஏறுகிற முதல் தங்கம் மாமன் போட்ட தங்கமாக இருக்க வேண்டும். எங்கள் சனத்தில் அப்பன் இல்லாமல்கூடக் காது குத்திவிடுவார்கள், மாமன் இல்லாமல் குத்த மாட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் போனவர் இனித் திரும்பி வரப்போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மாமன் வெறுங்கையோடு போய்விட்டான், மருமகள் மூளிக் காதோடு நிற்கிறாள் என்ற பேச்சு வரக் கூடாது என்று அவர் பித்துப் பிடித்தவர் மாதிரி அலைந்தார். எனக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது, பொய் சொல்வானேன்.

மேலே காட்டோரம் கான் வெட்டப் போன இடத்தில் கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெரியவர் ஒருவர் அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். ஓடை வளைகிற இடத்தில், கரைக்கு அடியில் கிடக்கிற சரளையைக் கழுவினால் தங்கப்பொடி தட்டுப்படும் என்று. அண்ணன் ஒரு எனாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிப் பார்த்தார். கறுப்பு மணலுக்குள் ஏதோ மினுங்கியது. அதைத் துணியில் முடிந்து பதுளைக்குக் கொண்டுபோய் நகை செய்கிற பத்தரிடம் காட்டினார். தங்கம்தான் என்று பத்தர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வேறு ஏதாவது வந்திருக்கக் கூடாதா.

அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் தட்டும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு அண்ணன் ஓடைக்குப் போக ஆரம்பித்தார். அவரைப் போலவே இந்தியா போகக் காத்திருந்த இரண்டு மூன்று பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். கரையை வெட்டினார்கள். அடியில் கிடந்த சரளையை அள்ளி ஓடையிலேயே போட்டு அலசினார்கள். மிஞ்சிய கறுப்பு மணலில் பத்தர் கொடுத்தனுப்பிய பாதரசத்தை விட்டுப் பிசைந்தார்கள். பொடித் தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். துணியில் பிழிந்து, சிரட்டைக் கரியில் சுட்டால் கடுகு மாதிரி ஒரு மணி மிஞ்சும். பிழிந்ததும் கழுவியதும் எல்லாம் ஓடையோடுதான் போனது. பாதரசம் நஞ்சு என்று அப்போது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

பீலித் தண்ணீர் முதலில் லேசாக மங்கியது. பிறகு பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. பிறகு செங்கல்லைக் கரைத்த மாதிரி சிவப்பாகவே விழுந்தது. வெள்ளை வேட்டி பழுப்பேறியது, சோறு பல்லில் நறநறத்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டால் முடி சடையாக ஒட்டிக்கொண்டது. குடத்தை இரவெல்லாம் அசையாமல் வைத்தாலும் அடியில் ஒரு விரல்கடை சேறு. யாரோ படிகாரம் போடலாம் என்றார்கள். பதுளையில் முஸ்லிம் நானா கடையில் வாங்கி வந்து எல்லார் வீட்டிலும் குடத்துக்குள் சுற்றினோம். தண்ணீர் தெளிந்தது. தெளிந்தால் நல்ல தண்ணீர் என்று நினைத்தோம். கலங்கல்தான் கெடுதல், கண்ணுக்குத் தெரியாவிட்டால் கெடுதல் போய்விட்டது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு.

லயத்தில் யாருக்கும் தெரியாமல் இல்லை. யார் வெட்டுகிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள் எல்லாம் தெரியும். கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், கங்காணிக்குத் தெரியும். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பயணம் வைத்த சனத்தை ஒரு சொல் சொல்லக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். நாளைக்கு முகம் பார்க்க முடியாதவர்களோடு இன்றைக்கு என்ன சண்டை. அவர்கள் ஆட்டைக் கட்டாமல் விட்டாலும் பேசாமல் இருப்போம், கோழி வந்து கீரைப் பாத்தியைக் கொத்தினாலும் பேசாமல் இருப்போம். அதே பழக்கத்தில் தண்ணீரைக் கலக்கியதற்கும் பேசாமல் இருந்தோம். பீலியடியில் குடத்தை வைத்துக்கொண்டு பெருமூச்சு விடுவோம், அவ்வளவுதான்.

முதலில் பிள்ளைக்காம்பராவில்தான் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. ஆயா பாவம், காய்ச்சித்தான் கொடுத்தாள், அவளால் முடிந்தது அதுதான். மற்றப் பிள்ளைகள் தேறித் தேறி எழுந்தன. என் மகள் மட்டும் தேறவில்லை. ஒரு வாரம் நின்றால் மறு வாரம் திரும்ப ஆரம்பிக்கும். நடக்கப் பழகியிருந்தவள் மறுபடி தவழ ஆரம்பித்தாள். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா மருந்து கலக்கிக் கொடுத்துவிட்டு, மருந்தைவிடத் தண்ணீரை மாற்றுவதுதான் முக்கியம் என்றார். நல்ல தண்ணீர் பத்தனை என்கிற புல்மலைக்கு அந்தப் பக்கம், இறக்கத்தில் ஓர் ஊற்றில் இருந்தது. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, முதுகு விட்டுப் போகிற நேரத்தில் குடத்தோடு அங்கே ஏறி இறங்குவேன். நான் வீட்டில் நல்ல தண்ணீர் கொடுத்து என்ன பயன், பகலெல்லாம் அவள் பிள்ளைக்காம்பராவில் அந்தச் சிவப்புத் தண்ணீரைத்தானே குடித்தாள்.

மச்சானிடம் சொல்லுங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். தான் சொன்னால் மாமன் மச்சான் சண்டையாகிவிடும், சண்டையோடு கப்பலேறினால் காலத்துக்கும் ஆறாது, கூடப்பிறந்த நீ சொன்னால் அது வேறு என்றார். அதுவும் சரிதான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஏறினேன்.

ஓடை வளைவு இருந்த இடம் எனக்கு அடையாளமே தெரியவில்லை. கரை முழுக்கக் குடைந்து கிடந்தது, மரத்து வேரெல்லாம் அந்தரத்தில் தொங்கியது. அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்று தட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். கை விரலெல்லாம் ஊறி வெளுத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கரையேறி வந்து, இடுப்பிலிருந்த ஊசிமருந்துப் புட்டியை எடுத்துக் காட்டினார். அடியில் நாலைந்து கடுகு மணி. "இது பூரா ஒன் மகளுக்குத்தான் தங்கச்சி, அண்ணிக்குக்கூட ஒரு பொட்டுக் கிடையாது" என்றார். கூட நின்றவர் ஒருவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதற்குத் தண்ணீர் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டேன். குழிக்கு மேலே ஏறிப் போய் எடுத்துவருவோம், இந்தத் தண்ணீரை மனிதன் குடிப்பானா என்றார் அவர். அண்ணனும் ஆமாம் என்று சிரித்தார். அவர்கள் ஒரு கெடுதலும் நினைத்துச் சொல்லவில்லை. நான் வந்த காரியத்தை விட்டுவிட்டு, பிள்ளைக்கு முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். பல் முளைக்கிற காலம், அப்படித்தான் இருக்கும் என்றார் அண்ணன். நல்ல தேத்தண்ணியாகத்தான் இருந்தது, குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

அடுத்து வந்த ஓட்டத்தில் பிள்ளை கண் சொருகிப் போனாள். அழக்கூடச் சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. தோட்டத்து லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். லொறி திரும்புகிற ஒவ்வொரு முடக்கிலும் மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் காலில் ஊசி குத்திச் சேலைன் ஏற்றினார்கள். டாக்டர் என்னிடம் பிள்ளை என்ன தண்ணீர் குடிக்கிறது என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு தடவை அதே தண்ணீரைக் குடித்துவிட்டு இப்படி வந்தால் தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். நல்ல மனிதர், தமிழில் தடுமாறித் தடுமாறித்தான் சொன்னார், ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

பிள்ளை கண் திறந்து பால் கேட்ட அன்று மாலை அண்ணன் வந்தார். நேராகப் பத்தரிடம் போய்விட்டு வந்திருக்கிறார். கைலேஞ்சித் துணியைப் பிரித்துக் காட்டினார். ஒரு சோடித் தோடு. உளுந்துக்குப் பாதி இருக்கும், அவ்வளவுதான், ஆனால் தங்கம். இன்னும் திருகாணிக்கு மட்டும் கொஞ்சம் வேண்டும், ஒரு வாரம் கழுவினால் போதும் என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"அண்ணே, எனக்குத் தோடு வேணாம். இவ குடிக்க ஒரு சொம்பு நல்ல தண்ணி குடுத்துட்டுப் போ, அது போதும்" என்றேன்.

அவர் விளங்காமல் பார்த்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பிள்ளைக்காம்பராவைச் சொன்னேன். மற்றப் பிள்ளைகளைச் சொன்னேன். இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அந்த மனிதர் மேல் கொட்டினேன். பக்கத்துக் கட்டில் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். அண்ணன் கையில் தோட்டை வைத்துக்கொண்டே நின்றார். பிள்ளையின் காலில் ஒட்டியிருந்த பஞ்சையே பார்த்தார்.

"அப்ப, இத்தன நாளா நான் ஒன் புள்ளைக்கு என்னதான் செஞ்சிக்கிட்டிருந்தேன், தங்கச்சி?"

நான் பிள்ளையின் உதட்டை ஈரத்துணியால் துடைத்தேன்.

மறுநாளிலிருந்து அவர் தட்டைத் தொடவில்லை. கூட இருந்தவர்களிடம் போய் வெட்டுவதை விட்டுவிடுவோம் என்று கேட்டிருக்கிறார். உனக்குத் தோடு ஆகிவிட்டது, அதனால் பேசுகிறாய், எங்கள் பிள்ளைகள் மட்டும் மூளிக் காதோடு ஊர் போய்ச் சேர வேண்டுமா என்று அவர்கள் கேட்டார்கள். அதற்குள் தங்கம் கிடைக்கிறதாம் என்ற பேச்சு பதுளைவரை போய், யார் எவரென்று தெரியாத ஆட்களெல்லாம் வந்து ஆளுக்கொரு குழி வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். அண்ணன் தான் வெட்டிய இடத்தையாவது மூடலாம் என்று தனியாகக் கல் சுமந்து அடுக்கினார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு மழைக்கு அந்த வளைவு முழுக்கச் சரிந்து, கல்லும் மண்ணும் மரமுமாக ஓடைக்குள் வந்து உட்கார்ந்தது. மழையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நனைந்த துணியை மாற்றாமல் அடுப்படியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அண்ணி சொன்னாள்.

ஓடையைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஊற்றுக்காவது போகலாம் என்று அவர் முடிவு செய்திருக்க வேண்டும். தினமும் பத்தனை தாண்டிப் போய் என் மகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். காலையில் ஒரு குடம் எங்கள் வாசலுக்கு, ஒரு டின் பிள்ளைக்காம்பராவுக்கு. வைத்துவிட்டுப் போவார், பேச மாட்டார். கோபமில்லை, அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காது குத்தும் அவர் மடியிலேயேதான் நடந்தது. அந்த ஊற்றுத் தண்ணீரை அவரே காய்ச்சிக் குளிப்பாட்டினார். பத்தர் ஏதோ ஒப்பேற்றிய திருகாணியோடு தோடும் ஏறியது. பிள்ளை வீறிட்டு அழுதாள். அவள் மொட்டைத் தலையில் கை வைத்துக்கொண்டு அவரும் அழுதார், ஆண்பிள்ளை என்று பார்க்கவில்லை.

அவர்கள் புறப்பட்ட அன்று, விடிந்ததும் ஸ்டேசனுக்குப் போக லொறி வர வேண்டும். கதவைத் திறந்தேன். வாசல் நெடுகத் தண்ணீர். அவர்கள் வீட்டுக் குடங்கள், அலுமினியச் சட்டிகள், மாவு டின்கள், பால்மா டின்கள், இந்தியாவுக்குக் கொண்டுபோக மாட்டாத அத்தனை பாத்திரமும் ஊற்றுத் தண்ணீரால் நிரம்பி, துணியால் வாய் கட்டி, சுவரோடு சுவராக வரிசையாக நின்றன. கல்யாண வீட்டில் மாமன் சீர் இறக்கி வைப்பார்களே, அப்படி நின்றன. எத்தனை தடவை அந்த மலை ஏறி இறங்கினார்களோ, அவரும் அண்ணியும் பிள்ளைகளுமாக. அண்ணி பாவாடை முழங்கால்வரை நனைந்து கிடந்தது.

ஸ்டேசனில் சனம் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு கதறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் யார் பேசுவது யாருக்குக் கேட்கும். கோச்சி நகரும்போதுதான் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"மொதல்ல சின்னச் சட்டில உள்ளத எடு தங்கச்சி. கொடத்துல உள்ளது கெடாம இருக்கும்."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. போன இடத்தில் சில வருஷம் இருந்து காய்ச்சலில் போய்விட்டார் என்று பிறகு தகவல் வந்தது. ஓடை தெளிய அதற்குமேலும் வருஷங்கள் ஆயின, இன்றைக்கும் பெரிய மழைக்கு அது சிவந்துதான் இறங்குகிறது. என் மகள் பிழைத்துக்கொண்டாள், அவளுக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவர் சொன்னபடியே சின்னச் சட்டியிலிருந்து ஆரம்பித்தேன். அந்தத் தண்ணீரில் நான் ஒரு வாய் குடிக்கவில்லை, வீட்டுக்காரருக்கும் கொடுக்கவில்லை, பிள்ளைக்கு மட்டும்தான். ஒவ்வொரு பாத்திரமாகக் காலியானதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். கொழுந்து தள்ளிக்கொண்டு வந்த நேரம் அது, நிறுத்துப் போட்டு இறங்கவே இருட்டிவிடும். காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் பிந்தினால் அன்றைக்குச் சம்பளம் இல்லை, பத்தனை தாண்டிப் போய்வர என் காலிலும் வலு இல்லை. கடைசிக் குடத்தைச் சாய்த்துப் பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்த அன்றுதான், அண்ணன் போய்விட்டார், இனி எனக்கு யாருமில்லை என்பது உறைத்தது. அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனேன். சிவப்பாகத்தான் விழுந்தது. பிடித்துக்கொண்டு வந்து, படிகாரம் சுற்றி, காய்ச்சி, என் மகளுக்கு அதைத்தான் கொடுத்தேன்.